மட்டை வாங்கப் போன மூன்று பேர்

1

போன சனிக்கிழமை ஆறாம் மாடிச் சுகந்தி வந்து கதவைத் தட்டினாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் விளம்பரத் தாள்.

"அன்ரி, மூத்தவன் பள்ளிக்கூடத்தில பேஸ்போலில சேந்திட்டான். மட்டை வேணுமாம். உங்களிட்டக் கேட்டால் தெரியுமெண்டு கீழ் வீட்டு அக்கா சொன்னவ. இவர் சொல்லுறார், இருக்கிறதுக்குள்ள பாரமானதாப் பாத்து எடு, அதுதான் அடிக்குமெண்டு. உது சரியோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கட அவர் ஊரில கிரிக்கெட் விளையாடினவரா?" என்று கேட்டேன்.

"ஓம் அன்ரி. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எப்படித் தெரியாமல் போகும்? கிரிக்கெட் விளையாடிய புருஷனோடு இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்துகிறவள் நான். டோர்செட் பார்க் பகுதியில் உள்ள இந்தக் கட்டடத்தில் மட்டை விஷயத்தில் கடைசி வார்த்தை என்னுடையது என்று பெயர். அந்தப் பெயரை நான் சும்மா சம்பாதிக்கவில்லை. சுகந்தியை இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கதையை முழுதாகச் சொன்னேன். அவள் போன பிறகுதான், இதை ஊரில் இருக்கும் உங்களுக்கும் எழுதலாமே என்று தோன்றியது. பனியையும் குளிரையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மட்டையைப் பற்றி ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

2

பேஸ்போல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். புத்தாண்டு விளையாட்டுகளில் மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுவோமே, எல்லே, அதைப் பார்த்தவர்களுக்குப் பாதி விளங்கிவிடும். நான் மட்டக்களப்பில் ஆசிரியையாக இருந்தபோது ஆசிரியைகள் அணியில் எல்லே விளையாடியவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் அடித்த அடிக்குப் பந்து தேவாலய மதிலைத் தாண்டியிருக்கிறது. பேஸ்போலில் மட்டை உருண்டையாக இருக்கும். எறிகிறவன் பந்தை நிலத்தில் குத்தாமல் நேரே எறிவான். மூன்று தரம் பிழைவிட்டால் ஆள் வெளியே. வேலிக்கு அப்பால் அடித்தால் ஆறுதலாக நடந்தே வட்டத்தைச் சுற்றி வரலாம்.

எங்கள் மகன் ரமணன் அந்த வேலிக்கு அப்பால் அடிக்கிற சாதி. பதினாறு வயதில் தோள் இரண்டும் படலைத் தூண் மாதிரி. ஓட்டத்தில் கெட்டிக்காரன் இல்லை, பந்து பிடிப்பதிலும் சுமார்தான். ஆனால் பட்டால் பட்டதுதான்.

இங்கே அவனுக்கு ரமணன் என்று பெயர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் எண்பத்துநாலில் வந்து இறங்கியபோது குடிவரவு மேசையில் இருந்தவர் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று கேட்டார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பிள்ளையின் தகப்பன் பெயர் நாகலிங்கம் என்றோம். எழுதிவிட்டார். அன்றிலிருந்து மகனும் நாகலிங்கம், நானும் நாகலிங்கம், என் புருஷன் மாத்திரம் நாகலிங்கம் நாகலிங்கம். திருத்துவதற்கு இவர் மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தார். மூன்றாவது அலுவலகத்தில் முதலாவது அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நீளம் வாய்க்குள் நுழையவில்லை, 'நாகா' என்று வெட்டிவிட்டார்கள்.

அதெல்லாம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. பாடம் சொல்லிக் கொடுத்த கையால் பிளாஸ்ரிக் மூடி அடுக்கும் வேலை செய்கிறேன், அதுவும் பெரிய விஷயம் இல்லை. உழைக்கிறேன், உண்கிறேன், தலை நிமிர்ந்து நடக்கிறேன். எனக்கு நெஞ்சில் குத்தியது வேறு ஒன்று.

என் மகன் மரியாதையாகிவிட்டான்.

இவருக்குக் கந்தோர் வேலையில் மாற்றம் கிடைத்துக் கொழும்பில் இருந்தபோது அவன் சண்டைக்காரன். இடியப்பத்துக்குச் சொதியா சம்பலா என்பதற்குக்கூடத் தகப்பனோடு வாக்குவாதப்படுவான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வாய் அடங்கியது. எல்லாருடைய வாயும்தான் அடங்கியது, சரியாகிவிடும் என்று இருந்தேன். இங்கே வந்த பிறகு வாய் திரும்பியது, ஆனால் எங்களிடம் திரும்பவில்லை. ஜன்னலால் பார்ப்பேன். கீழே கூட்டாளிகளோடு கையை ஆட்டி, கத்தி, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு நிற்பான். லிஃப்டில் ஏறி எங்கள் மாடிக்கு வருவதற்குள் விருந்தாளியாகிவிடுவான். சோறு போட்டால் "தாங்க்ஸ் அம்மா" என்பான். எங்கள் வீட்டில் யார் தாய்க்கு நன்றி சொன்னது? கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லுகிறவன்தான் பிள்ளை. உப்பே போடாமல் ஒருநாள் கறி வைத்துப் பார்த்தேன். "நல்லாயிருக்கு, தாங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான். அன்றைக்கு நான் குசினிக்குள் நின்று அழுதேன்.

3

எண்பத்தாறு வசந்தத்தில் அவனுடைய கோச் தொலைபேசி எடுத்தார். அணிக்குப் பயிற்சி கொடுக்கும் சரித்திர ஆசிரியர். உங்கள் மகனிடம் பலம் இருக்கிறது, பள்ளிக்கூடத்து மட்டைகள் அவனுடைய கைக்குச் சரிவரவில்லை, முடிந்தால் சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். ரமணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு மட்டை வேணுமா மனே?"

"முடிஞ்சால்" என்றான்.

இரண்டு வருடத்தில் எங்களிடம் அவன் கேட்ட முதல் சாமான். இதில் பிழை விடக்கூடாது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த நாள் வேலையால் வரும் வழியில் இவர் தனியாகப் போய் மட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதுதான் என் புருஷன். கூப்பிட்டால் வரமாட்டார், கூப்பிடாவிட்டால் முதல் ஆளாக நிற்பார்.

மர மட்டை. கடையில் இருந்ததிலேயே பாரமானது. தென்னை மரத்தில் அரைவாசியைத் தூக்கி வந்தது போல வாசலில் நின்றார்.

"அலுமினியத்திலயும் மட்டை வச்சிருக்கிறானுகள்" என்றார் சிரித்துக்கொண்டு. "சட்டி பானை செய்யிற தகரத்தில. நான் தொட்டும் பாக்கல்ல."

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கிரிக்கெட் மட்டையைப் பழக்குவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். புது மட்டைக்கு எண்ணெய் பூசி ஊறவிட்டு, பழைய பந்தால் தட்டித் தட்டி மரத்தை இறுக்க வேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில் இவர் அதில் விண்ணராம். லின்சீட் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கினார். மட்டையைக் குளித்தொட்டிக்குள் நிறுத்திப் பூசினார். பேஸ்போல் மட்டை வயிரம் பாய்ந்த மரம், அது எண்ணெயும் கேட்காது தட்டும் கேட்காது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு எங்கேயோ தேடி ஒரு கிரிக்கெட் பந்தை எடுத்து, என்னுடைய கம்பளிக் காலுறைக்குள் போட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விறாந்தையில் குந்தினார். டொக். டொக். டொக்.

மூன்றாம் நாள் பின்னேரம் கட்டடத்துப் பராமரிப்பாளர் வந்தார். கீழ் வீட்டார் சுவர் உடைக்கும் சத்தம் கேட்கிறது என்று முறைப்பாடு. கதவைத் திறந்தது இவர்தான். சாரம், வெறும் மேல், கையில் எண்ணெய் வடியும் மட்டை. மனிதர் இரண்டடி பின்னால் போனார். இவர் விடவில்லை. வாருங்கள் வாருங்கள் என்று உள்ளே கூப்பிட்டு மரத்தின் இயல்பு பற்றி ஒரு விரிவுரையே நடத்திவிட்டார். பராமரிப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிரிஜ் திருத்த ஏதும் இருக்கிறதா என்று கேட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சுவாமிப் படத்தடியில் இருந்து எடுத்து மகனிடம் நீட்டினார். ரமணன் வாங்கினான். கை வழுக்கியது. ஒரு தரம் முகர்ந்து பார்த்தான்.

"தாங்க்ஸ் அப்பா. இட்ஸ் நைஸ்" என்றான்.

கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைத்தான். அவ்வளவுதான். இவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அறைக்குள் போய்க் கத்தினேன்.

"பிடிக்கல்ல எண்டா பிடிக்கல்ல எண்டு சொல்லன்டா! வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?"

"இட்ஸ் ஓகே அம்மா. ஸ்கூல் மட்டையால அடிக்கிறன்." பிறகு, மிகவும் தணிவாக, "வாற வியாழக்கிழமை மேட்ச். நீங்க வரத் தேவையில்ல. உங்களுக்கு வேலை இருக்கும்" என்றான்.

எனக்கு வேலை இருந்தால் எனக்குத் தெரியாதா? எங்களை அங்கே காட்ட அவனுக்கு விருப்பமில்லை என்பதுதான் அதன் பொருள். மட்டை போனால் இன்னொரு மட்டை. இவன் இப்படியே மரியாதையாகத் தாங்க்ஸ் சொல்லிச் சொல்லி ஒருநாள் பெட்டியோடு வெளியே போய்விடுவான், வருடத்துக்கு ஒரு தரம் வாழ்த்து அட்டை அனுப்புவான். அந்தப் பயம்தான் என்னை உலுப்பியது.

"சனிக்கிழமை மூண்டு பேருமாக் கடைக்குப் போறம்" என்றேன். வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நான் அந்தக் குரலில் சொன்னால் ஒருவரும் பேசுவதில்லை.

4

கென்னடி வீதி பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று ஆசனங்களில் இருந்து போனோம். கடைச் சுவர் முழுக்க மட்டைகள். இவர் இன்னொரு மரத்தைத் தூக்கிப் பார்த்தார். நான் அலுமினிய மட்டைகளில் மெல்லியதாக ஒன்றை எடுத்தேன். எல்லேக்கு நாங்கள் மூங்கில் தேர்ந்தெடுக்கும்போது பாரம் பார்ப்பதில்லை, வீச்சுத்தான் பார்ப்போம். சாட்டை மாதிரிச் சுழல வேண்டும்.

"மனே, இதைப் பிடி. இறகு மாதிரி."

"இறகால பந்தடிக்கிறதா?" என்றார் இவர். "பாரம் இருந்தால்தான் பந்து பறக்கும். நான் எத்தனை வருஷம் விளையாடினவன்!"

"நீங்க விளையாடினது நிலத்தில குத்தி வாற பந்துக்கு. இது நேரே வருகிது. நீங்க தூக்கி முடிக்கக்குள்ள பந்து பின்னால போயிரும்."

"நீ அடிச்சது றப்பர்ப் பந்து!"

கடையில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். நான் மட்டையை வீசியே காட்டினேன். தொப்பி அடுக்கியிருந்த தட்டு ஒன்று சரிந்தது. ரமணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான், பிறகு ஒரேயடியாக வெடித்தான்.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க! அப்பா, இது கிரிக்கெட் இல்ல. அம்மா, இது எல்லே இல்ல. ஒருக்காவாவது என்னட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உண்மைதான். கொழும்பை விடுவதா என்று கேட்கவில்லை, கனடாவுக்கு வருவதா என்று கேட்கவில்லை, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கவில்லை. கேட்கிற காலமாகவும் அது இருக்கவில்லை. அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் மட்டையைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

"சரி, கேக்கிறன். சொல்லு" என்றேன்.

சொன்னான். பாதி தமிழ், பாதி இங்கிலிஷ், கை இரண்டும் காற்றில். பாரம் கூடினால் வேகப் பந்து நெஞ்சுக்குக் கிட்ட வரும்போது பிந்திப்போகும். பாரம் குறைந்தால் பந்து மட்டையைத் தள்ளிவிடும், தூரம் போகாது. மொத்தப் பாரம் நடுத்தரமாக இருக்க வேண்டும், ஆனால் அந்தப் பாரம் நுனிப் பக்கம் கூடி நிற்க வேண்டும். பிடி மெல்லியதாக இருந்தால் மணிக்கட்டு இலகுவாகத் திரும்பும். தனக்குப் பிடித்த பந்து வெளிப்பக்கம் பதிந்து வருவது, அதை எட்டிப் பிடிக்க ஒரு அங்குலம் நீளம் வேண்டும். சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து, ஒற்றைக் கையால் நேரே நீட்டிப் பிடித்துப் பார்த்தான். நுனி தாழ்ந்தால் வைத்துவிட்டான், அசையாமல் இலேசாக நின்றால் அதையும் வைத்துவிட்டான். கடைசியில் ஒன்று. அலுமினியம், நுனி கனத்தது, கறுப்புப் பிடி. நீட்டியபோது நுனி தாழலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு நின்றது.

"இதுதான்."

இவர் வாங்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "சட்டிதான்" என்று முணுமுணுத்தார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. எனக்கும் வயிறு குளிர்ந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு இவ்வளவு நேரம் எங்களோடு கதைத்திருக்கிறான்!

அந்தச் சந்தோஷம் காசு கட்டும் இடம் வரைக்கும்தான். அங்கே நின்றவன் அவனுடைய பள்ளிக்கூடத்துப் பொடியன், சனிக்கிழமைகளில் கடையில் வேலை செய்பவன். "ஹேய் நாகா!" என்றான். என் மகனின் முதுகு நிமிர்ந்தது, குரல் மாறியது. பொடியன் எங்களைப் பார்த்துக் கேள்வியாகத் தலையை ஆட்டினான். ரமணன் தோளைக் குலுக்கினான். "எனக்குத் துணைக்கு வந்தவர்கள்" என்றான் இங்கிலிஷில்.

இவர் காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டது அவருக்கும்தான். ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை.

5

வியாழக்கிழமை இரண்டு பேரும் அரைநாள் லீவு எடுத்தோம். இவர் தயங்கினார்.

"வரவேணாம் எண்டவன்."

"துணைக்கு வந்தவங்க துணைக்கு வருவாங்கதானே? சப்பாத்தைப் போடுங்க" என்றேன்.

வைகாசி மாதம், ஆனாலும் காற்று குத்தியது. கம்பி வேலிக்கு வெளியே, கார்கள் நிற்கும் பக்கம் ஒதுங்கி நின்றோம். ரமணனின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலகை வாங்கில்களில் இருந்தார்கள். ரமணன் புது மட்டையோடு இறங்கியதும் எல்லோருமாகத் தொடங்கினார்கள்.

"நாகா! நாகா! நாகா!"

இவர் திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தார். அவருடைய தகப்பன் வைத்த பெயர். கந்தோரில் 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட்ட பெயர். இங்கே ஒரு அலுவலகமும் ஒழுங்காக எழுதாத பெயர். முன்பின் தெரியாத அத்தனை பிள்ளைகள் தொண்டை கிழிய அதைக் கூப்பிட்டார்கள். "என்னையும் சேத்துத்தான் கூப்பிடுறானுகள்" என்றார். கண் கலங்கியிருந்தது. காற்று என்று சொன்னார்.

இரண்டாவது பந்து வெளிப்பக்கம் பதிந்து வந்தது. ரமணன் இடுப்பால் திரும்பினான். டிங் என்று கோயில் மணியில் நாணயம் பட்டது போல ஒரு சத்தம். பந்து ஏறியது, ஏறிக்கொண்டே போனது, வேலி தாண்டி வீதி மரங்களுக்குள் விழுந்தது. அவன் ஆறுதலாக வட்டத்தைச் சுற்றி வந்தான். நான் கை தட்டவில்லை, தட்டினால் பார்த்துவிடுவான். இவருடைய கையைப் பிடித்து நசுக்கினேன்.

கடைசிச் சுற்றில் எங்கள் அணிக்கு ஒரு ஓட்டம் குறைவு. இரண்டு பேர் ஓடக் காத்து நிற்கிறார்கள், அடிக்க வந்தது ரமணன். இரண்டு தரம் பிழைவிட்டுவிட்டான். இன்னும் ஒன்று விட்டால் அவனும் வெளியே, அதோடு ஆட்டம் முடிந்தது. எறிகிறவன் கையை உயர்த்தினான். அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் இருந்து ஒரு குரல், இவர் கிரிக்கெட் விளையாடிய மட்டக்களப்புக் கச்சேரித் திடலே அதிரும் குரல்:

"டேய் மனே! முழங்கையை உயத்துடா! தலையைத் தூக்காத!"

ரமணனின் தலை ஒரு நூல் அளவு எங்கள் பக்கம் திரும்பியது. பந்து போனது. மட்டை காற்றை வெட்டியது. முடிந்தது.

மற்ற அணி துள்ளிக் குதித்தது. நான் இவரைப் பார்த்தேன், இவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். ரமணன் மட்டையை இழுத்துக்கொண்டு வேலியை நோக்கி நேரே வந்தான். அவனுக்குப் பின்னால் கோச், கூட்டாளிகள், எல்லோருடைய கண்ணும். இப்போது மிகவும் மரியாதையாக, இட்ஸ் ஓகே, வந்ததுக்குத் தாங்க்ஸ் என்று சொல்லப் போகிறான், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"உங்களை யார் கத்தச் சொன்ன?"

தமிழில். மைதானம் முழுக்கக் கேட்கும்படி.

"முழங்கையாம் முழங்கை! இதில முழங்கை எங்க இரிக்கு? ஒரு பந்து, ஒரேயொரு பந்து, அதுக்குள்ள உங்கட கிரிக்கெட்டைக் கொண்டு வந்து..."

இவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவருக்கும் ஏறிவிட்டது. "நான் கத்தினதாலயா விட்ட நீ? அது முழங்காலுக்குக் கீழ போன பந்து! அதுக்கு எந்த மடையன் வீசுவான்?"

"நீங்க கத்தினதாலதான் வீசின!"

"அதுக்கு முதல் ரெண்டு விட்டியே, அதுக்கு யார் கத்தின?"

கூட்டாளி ஒருவன் ஓடி வந்து, "நாகா, யார் இது? பிரச்சினையா?" என்று இங்கிலிஷில் கேட்டான். ரமணன் திரும்பிப் பார்க்கவேயில்லை. "என் அப்பா!" என்று கத்தினான். "வேறு யார் இப்படிச் செய்வார்கள்?" சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து தமிழில் தொடர்ந்தான்.

பஸ்ஸிலும் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆசனத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். ஒருவன் கையால் பந்து வந்த உயரத்தைக் காட்ட, மற்றவர் அந்தக் கையைத் தட்டி இல்லை இன்னும் கீழே என்று காட்ட, நான் பின் ஆசனத்தில் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினேன். இரண்டு தரிப்பிடம் பொறுத்துப் பார்த்த ஒரு வெள்ளைக்கார அம்மா என் பக்கம் குனிந்து, ஏதும் உதவி வேண்டுமா, சாரதியிடம் சொல்லவா என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒன்றும் வேண்டாம்" என்றேன். "என் மகனும் புருஷனும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்."